மன்னிக்கும் உரிமை எவர்க்கு?

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரத்தில் அலுவிகாரை இருக்கின்றது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் அந்தக் குன்றிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்று பௌத்த மரபு கூறுகின்றது. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. ஓதத் தெரிந்த பிக்குகள் மாண்டால் ஓதப்பட்டதும் அவர்களோடு மாண்டுவிடும் என்ற அச்சமே எழுத்தாணியைக் கையிலெடுக்கச் செய்தது என்பர்.

இன்று அங்கே செல்வோரின் கண்ணை முதலில் பற்றிக்கொள்வன ஒரு குகையிலுள்ள நரகக் காட்சிகளே. பாவிகள் வாட்டப்படுகின்றனர், வதைக்கப்படுகின்றனர், ஒருவரின் தலையோட்டைப் பிளந்து மூளையை அகப்பையால் அள்ளுகின்றனர் யமகிங்கரர். அதே வளாகத்தில், கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் வழங்கிய தண்டனைகளும் உருவங்களாக அமைக்கப்பட்டுள்ளன. மறுமையின் வதையும் இம்மையின் வதையும் அடுத்தடுத்து நிற்கின்றன.

மாணவரை அங்கே அழைத்துச் சென்றபோது இரு கேள்விகள் எழுந்தன. ஒரு மாணவன் கேட்டான்: "இப்படி வதைக்கின்ற இவர்களுக்குப் பாவம் சேராதா, சேர்?" பக்கத்தில் நின்ற மாணவி கேட்டாள்: "இவர்கள் யாருக்குத் தீமை செய்தார்கள்? அவர்களை ஏன் வரையவில்லை?" சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே கடைத்தெருவில் வாழும் ஊர் எமது மாத்தளை. பாவம், தண்டனை, மன்னிப்பு என்பனபற்றி இச்சமயங்கள் வெவ்வேறு விடைகள் கூறுவதை நாம் அறிவோம். அந்த வேறுபாடுகளை வரிசைப்படுத்திக் காட்டுவது எளிது. ஆயின் அம்மாணவியின் கேள்வியை உரைகல்லாகக் கொண்டு அவ்விடைகளை உரைத்துப் பார்ப்பதே பயனுடையது என எண்ணுகின்றோம். தீங்கிழைக்கப்பட்டவர் இக்காட்சியில் எங்கே நிற்கின்றார்?

முதற் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அது புதிய கேள்வியன்று. அபிதம்ம பிடகத்தைச் சேர்ந்த கதாவத்து என்னும் நூல் இதற்கு நெருங்கிய ஒரு வாதத்தைப் பதிவுசெய்துள்ளது. நரகத்தில் காவலர் உண்டா, இல்லையா என்பதே அவ்வாதம். காவலர் என எவரும் இல்லை, பாவியின் வினையே காவலர் உருக்கொண்டு வதைக்கின்றது என்றனர் ஒரு சாரார். தேரவாதிகள் காவலர் உண்டென்றே நிறுவினர். பின்வந்த வசுபந்து தமது விம்சதிகா என்னும் நூலில் இதே பொருளை எடுத்துக்கொண்டு, நரகத்தின் வெப்பத்தால் வருந்தாதவர்கள் அங்கே பிறந்த உயிர்களாக இருத்தல் இயலாது. ஆகவே அவர்கள் பாவிகளின் வினைப்பயனாக உள்ளத்தில் எழும் தோற்றங்களே என்றார். எமது மாணவனின் ஐயம் அறிஞர் பலரை உறுத்திய ஐயமே என்பது இதனால் விளங்கும். தண்டிப்பவனைக் குற்றமற்றவனாகக் காட்டுவது தத்துவத்துக்கும் எளிதாக இருக்கவில்லை.

மத்திம நிகாயத்தில் வரும் பாலபண்டித சூத்திரம் இன்னும் தெளிவான சான்று தருகின்றது. அரசன் கள்வனைப் பிடித்துச் செய்விக்கும் கொடுமைகள் முதலில் அங்கே நிரல்படக் கூறப்படுகின்றன. அதனைக் காணும் தீயவன், தன் செயல் அரசனுக்குத் தெரிந்தால் தனக்கும் இதுவே நேரும் என நடுங்குகின்றான். நரக வருணனை அதன் பின்னரே வருகின்றது. அரசனின் வதைக்களத்தைக் கண்ட கண்களே மறுமையின் வதைக்களத்தைக் கற்பனை செய்தன என்று நாம் கூறுவது இச்சான்றுகொண்டுதான். சைவர் படிக்கும் கருட புராணத்து நரகங்களுக்கும் இது பொருந்தும். அலுவிகாரையில் இரு தண்டனைகளும் அருகருகே இருப்பது தற்செயலாயினும் பொருத்தமானதே.

இவ்வாறு அரசனின் சிறையை அளவுகோலாகக் கொண்டு பாவத்தை நோக்கும்போது ஒரு விளைவு தவிர்க்க முடியாததாகின்றது. குற்றம் என்பது ஆணையை மீறியவனுக்கும் ஆணையிட்டவனுக்கும் இடையிலான விவகாரமாகச் சுருங்கிவிடுகின்றது. கள்வனும் அரசனும் இருக்கின்றனர். பொருளை இழந்தவன் மறைந்துவிடுகின்றான். பாவியும் யமனும் இருக்கின்றனர், அடிபட்டவள் மறைந்துவிடுகின்றாள். தண்டிப்பவன் எவனோ அவனே மன்னிப்பவனும் ஆகின்றான்.

தமிழிலக்கியத்தில் இதற்குத் தக்க சான்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலுள்ள மாபாதகம் தீர்த்த படலம். தாயை இச்சித்துத் தந்தையைக் கொன்ற ஒருவன், வழியில் வேடர்களிடம் தாயையும் பொருளையும் பறிகொடுத்து, பிரமகத்தி துரத்த மதுரைக்கு வந்து சேர்கின்றான். பசுவுக்குப் புல்லிடுதல், கோயிலை வலம்வருதல், தீர்த்தமாடுதல் என இறைவன் விதிக்கின்றான். அவன் பாவம் நீங்குகின்றது. கைவிடப்பட்ட கொடியவனுக்கும் கதியுண்டு என்ற கருணையை நாம் இகழவில்லை. எந்த மனிதனும் முற்றாகக் கழிக்கத்தக்கவன் அல்லன் என்ற உயர்ந்த எண்ணம் அதிலுண்டு. ஆனால் கொலையுண்ட தந்தை என்ன ஆனார்? வேடர் கையில் அகப்பட்ட தாயின் கதி யாது? படலம் அவற்றிற் கருத்தூன்றவில்லை. இறைவனின் அருட்பெருமையைக் காட்டுவதற்குப் பாவியின் கொடுமை பெரிதாக வேண்டியிருந்தது. அக்கொடுமைக்கு ஆளானவர்கள் அதற்கான கருவியாக நின்றுவிட்டனர்.

மெய்ப்பொருள் நாயனார் வரலாறு வேறுவகையானது. அங்கே குத்துண்டவர் தாமே மன்னிக்கின்றார். கொன்றவனைத் தீங்கின்றி நகரெல்லைக்கு அப்பால் விட்டுவரும்படி காவலனைப் பணிக்கின்றார். மன்னிக்கும் உரிமை உரியவர் கையில் இருக்கின்றது என்பதில் நாம் நிறைவடையலாம். ஆயினும் அவர் வணங்கியது முத்தநாதன் அணிந்திருந்த சிவவேடத்தை. செய்தது குற்றமென்று அவனை உணரச் செய்யும் சொல் அங்கே இல்லை. வேடத்துக்குக் கிடைத்த மன்னிப்பு, வேடதாரிகளுக்கு என்றும் வசதியானது.

வினைக்கொள்கையை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் மேலும் கூர்மையாகின்றது. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு விளக்கம் கூறுகின்றது. கோவலன் முற்பிறப்பிற் கலிங்கத்தில் பரதன் என்னும் பெயரினனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றனென்று பழிசாட்டிக் கொல்வித்தான். அவ்வினையே இப்பிறப்பில் உருத்து வந்தது என்பது அவ்விளக்கம். இதனை அப்படியே ஏற்றுக்கொண்டால் பாண்டியன் வெறும் கருவி. பொற்கொல்லன் வெறும் கருவி. விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற ஆட்சியின் குற்றம், கொல்லப்பட்டவனின் பழைய கணக்கிற் கழிக்கப்பட்டுவிடுகின்றது.

இந்தத் தத்துவம் மலைநாட்டிற் செய்த வேலையை நாம் அறிவோம். கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்துசேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் எம் மாணவர்களிற் பலர். காய்ச்சலாலும் கழிச்சலாலும் அவ்வழியில் மடிந்தோர் எண்ணற்றோர். உயிர் தப்பியோர் துரைமாரின் கணக்கிலும் கங்காணியின் கடனிலும் அகப்பட்டனர். 1948இல் குடியுரிமையையும் இழந்தனர். இத்தனைக்கும் லயத்து அறைகளிற் கேட்ட விளக்கம் 'தலைவிதி' என்ற ஒரே சொல்தான். தண்டனை கண்முன்னே தெரிந்தது. அதற்குரிய பாவத்தை முற்பிறப்பிலே தேடச் சொன்னார்கள். கடனைப் பெருக்கியவனின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க எவரும் சொல்லவில்லை.

ஆயினும் இளங்கோவின் காவியம் மதுராபதியின் விளக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அதற்கு முன்பே கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்து உண்மையை நிறுவிவிட்டாள். பாண்டியன் ஊழின்மேற் பழிபோடாமல், கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். இதன் பின்னரே வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகி பாண்டியனைத் தீதற்றவன் என்கின்றாள். தன்னை அவன் மகளென்றும் கூறிக்கொள்கின்றாள். இவ்வரிசையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். முதலில் உண்மை வெளிப்படுகின்றது. அடுத்துக் குற்றவாளி தன் வாயால் அதனை ஏற்கின்றான். இறுதியில், பாதிக்கப்பட்டவளே, எவரும் வற்புறுத்தாமல், மன்னிக்கின்றாள். நாட்டில் தமிழர் கண்ணகியம்மன் என்றும் சிங்களவர் பத்தினித் தெய்யோ என்றும் வழிபடுவது இவளையே. இரு மக்களும் பொதுவாகக் கையெடுக்கும் தெய்வம், நீதி கேட்டு வழக்காடிய ஒரு பெண் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இத்தகைய இழை எல்லாச் சமயங்களிலும் உண்டு என்பதே எமது துணிபு. அது மறைந்து கிடப்பதற்குக் காரணம், அதிகாரத்துக்கு அது உதவாதது என்பதே.

அலுவிகாரையில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் விநய பிடகத்தையே பாருங்கள். சித்தன் என்னும் இல்லறத்தானைச் சுதம்மர் என்ற பிக்கு இழிவாகப் பேசியபோது, அவர் அந்த இல்லறத்தானிடமே சென்று மன்னிப்புக் கேட்கவேண்டும் எனச் சங்கம் விதித்தது. இதற்கெனவே படிசாரணீய கம்மம் என்றொரு முறை வகுக்கப்பட்டது. துறவியின் உயர்வு மன்னிப்புக் கேட்பதிலிருந்து அவரை விடுவிக்கவில்லை. அங்குலிமாலன் கதையிலும் மக்கள் பலமுறை மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. கொலைஞன் பிக்குவாகியதும், அரசன் பசேநதி அவனைத் தண்டியாமல் விட்டான். ஆனால் பிச்சைக்குச் சென்ற இடத்தில் கல்லும் தடியும் அவன்மேல் விழுந்தன. குருதியொழுக வந்தவரிடம், பொறுத்துக்கொள் என்றே புத்தர் கூறினார். ஊராரின் சினம் தவறென்று அவர் கண்டிக்கவில்லை.

இஸ்லாமிய அறிஞர்கள் பாவமன்னிப்புக்குரிய நிபந்தனைகளாகப் பாவத்தை விட்டொழித்தல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதிகொள்ளுதல் என மூன்றைக் கூறுவர். இன்னொரு மனிதனின் உரிமை அதிற் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பர்: பறித்ததை அவனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அவனது பொறுத்தலைப் பெறவேண்டும். இறைவனுக்குரிய கடன் வேறு, அடியார்க்குரிய கடன் வேறு என்ற இப்பாகுபாடு மிக நுண்ணியது. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கூறுவதும் இதுவே: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மீது சகோதரனுக்குக் குறையுண்டென நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகவேண்டும். பெரியபுராணம் மனுநீதிச் சோழன் மீதும் மகாவம்சம் எல்லாளன் மீதும் ஏற்றிக் கூறும் கதையில் ஆராய்ச்சி மணியை அடிப்பது கன்றை இழந்த பசு. வாயில்லாத பிராணியாயினும் முறையிடும் உரிமை அதனுடையது.

ஒரு தடையை இங்கே நாமே எழுப்பிக்கொள்ளல் வேண்டும். பாதிக்கப்பட்டவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது, உண்மையான வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. தக்க மொழிபெயர்ப்பும் சட்ட உதவியும் இல்லாமற் பெறப்பட்ட வாக்குமூலத்தின்மேல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்க மறுத்தனர். 2013 ஜனவரி 9ஆந் திகதி அவள் தலை வெட்டப்பட்டாள். மன்னிப்பே மேலானதென்று வற்புறுத்தும் அதே மார்க்கத்தின் பெயரால் இது நடந்தது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரை நாம் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. மன்னிக்க மறுப்பதும் அவர்கள் உரிமையே. ஆனால் அம்மறுப்பு ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்துக்கு வாளாகும்படி சட்டத்தை அமைத்தது அரசு. வறுமையில் வளர்ந்த சிறுமியை வயது திருத்தி அனுப்பிய எவரும் அந்த வாளின்முன் நிற்கவில்லை. ஆகவே, உண்மையைச் செவ்வையாக விசாரிக்காத இடத்தில், தண்டனைக்கும் மன்னிப்புக்கும் அடிப்படையே இல்லை. உயிரைப் பறிக்கும் உரிமையும் பாதிக்கப்பட்டவர்க்குரிய உரிமைகளில் அடங்காது.

இனி எமது அரசுகள் இவ்விரு அதிகாரங்களையும் கையாண்ட விதத்தைக் காண்போம். 1848இல் மாத்தளையில் வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். புரன் அப்பு ஆகஸ்டு 8ஆந் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் சீவர ஆடையுடனேயே சுடப்பட்டார். அலுவிகாரையும் அந்த அடக்குமுறையிற் சேதமுற்றது. கொங்காலேகொட பண்டாவுக்கு விதித்த மரணதண்டனை 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. முடியாட்சியின் கருணை அதுதான். தவறு யாருடையது என்ற விசாரணை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை எட்டியபோது, தேசாதிபதி திருப்பியழைக்கப்பட்டார், அவ்வளவே. கொல்லப்பட்டோரின் குடும்பத்தாரிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்நியர் போயினர், முறை போகவில்லை. 2000 டிசெம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற இடம்பெயர்ந்த தமிழர் எண்மர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. தப்பிவந்த ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நடந்தது. 2015இல் இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்க குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 2019இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பளித்தார். அவரைத் தூக்கிலிடவேண்டும் என்பது எமது வாதமன்று. 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை, இனியும் இடப்படலாகாது. எமது கேள்வி வேறு. எண்மரின் உறவினர் மன்னித்தார்களா? குற்றவாளி அவர்களிடம் ஒரு சொல் வருந்திக் கூறினாரா? இரண்டும் இல்லாதபோது அது மன்னிப்பா, சலுகையா?

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் கொலைவழக்கில் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்கு 2021இல் அதே ஜனாதிபதி மன்னிப்பளித்தார். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் அதனை எதிர்த்து வழக்காடினர். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைச் செல்லாததாக்கியது. சிலம்பேந்தி வந்தவளின் குரல் ஒருமுறையேனும் அவையில் ஏறியது. ஆயின் பிரேமச்சந்திர குடும்பத்துக்கு இருந்த செல்வாக்கும் வசதியும் மிருசுவில் ஏழைகளுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப்பார்க்கவேண்டும். தண்டனையும் மன்னிப்பும் ஆளுக்கேற்ப விலைபோகும் சமுதாயத்தில், நீதி கேட்பதற்கும் முதல் வேண்டியிருக்கின்றது.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டின் அதே திருநாளில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் எனக் கர்தினால் மல்கம் ரஞ்சித் கூறினார். எனினும் அதன்பின்பும் கத்தோலிக்க மக்கள் உண்மையை வெளிப்படுத்துமாறு கேட்டபடியே இருந்தனர். கறுப்பு ஞாயிறு அனுட்டித்தனர். மன்னிப்பும் நீதிக்கான கோரிக்கையும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல என்பதை அவர்கள் நடத்தையாற் காட்டினர். "மன்னித்துவிட்டீர்களே, இன்னும் ஏன் கேட்கிறீர்கள்?" என்பது குற்றவாளியின் பக்கத்து வாதம்.

கடைசியாக எம் ஊருக்கே திரும்புவோம். 2012ஆம் ஆண்டின் இறுதியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. ஆராய்ந்த தொல்லியலாளர், அவை 1980களின் பிற்பகுதிக்குரியவை எனக் கருத்துரைத்தனர். அக்காலத்திற் காணாமற் போக்கப்பட்ட சிங்கள இளைஞரின் தாய்மார் அந்தக் குழியின் அருகே வந்து நின்றனர். பின்னர் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் காலக்கணிப்பைக் காட்டி, எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்றது. உறவினர் பலர் அதனை ஏற்கவில்லை. எவருடைய எலும்புகள் என்பதும், எவர் புதைத்தார் என்பதும் இன்றுவரை அவர்கள் மனம் ஆறும்படி விளக்கப்படவில்லை. வடக்கிலே பிள்ளைகளைத் தேடி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரும் இதே நிலையிலேயே இருக்கின்றனர்.

இத்தாய்மாரிடம் சென்று பொறுமையை உபதேசிப்பவர் எச்சமயத்தவராயினும், அவர் தம் சமயத்தையே சரியாகப் படிக்காதவர் என்போம். எதனை மன்னிப்பது என்று தெரியவேண்டாமா? யாரை மன்னிப்பது என்று சொல்லவேண்டாமா? அலுவிகாரைச் சுவரில் பாவிகளுக்கேனும் உருவமிருக்கின்றது. இக்குழியைப் பொறுத்தவரையில் அதுவுமில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்தையும் பெரியபுராணத்தையும் வகுப்பிற் பயிற்றும்போது, ஊழ் வென்றது, அருள் வென்றது என்று குறிப்பெழுதவைப்பதோடு நிறுத்தாமல், அடிபட்டவர் எங்கே, அவர் என்ன கூறினார், அவரிடம் எவராவது கேட்டார்களா என்று கேட்கப் பழக்கலாம். குகையில் எம்மிடம் அக்கேள்வியைக் கேட்ட மாணவிக்கு நாம் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. அவள் கேட்டதைப் பரீட்சைக்கு உதவாததென்று அடக்கிவிடாமல் இருந்தாற் போதும்.